வகுப்புக் குழுவில் ஒரு முகம் ஸ்டிக்கராகும்போது

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகளைப் பற்றி ஒரு தாய் கேட்டிருக்கிறார். ஆண்டு விழாவில் அவள் பாடியபோது யாரோ எடுத்த படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி, வாய் பிளந்த கோலத்தில் வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கி, அவள் இல்லாத வகுப்புக் குழு ஒன்றில் சுற்றவிடுகிறார்கள். பெயர் தெரியாத ஓர் இன்ஸ்டாகிராம் கணக்கு அவளைப் பற்றி அசிங்கமாக எழுதுகிறது. பத்து நாளாகக் காலையில் வயிற்றுவலி, பள்ளிக்குப் போகமாட்டேன் என்கிறாள். விஷயம் தெரிந்ததும் தாய் அவளுடைய ஃபோனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பள்ளியில் கேட்டால் "வெளியே நடந்ததற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்" என்கிறார்கள். போலீசுக்குப் போகலாமா, அந்த ஸ்டிக்கரை அழிக்க வழி உண்டா என்பவை அவருடைய கேள்விகள்.

நான் இருபத்திரண்டு ஆண்டு கணக்கு ஆசிரியையாக இருந்தவள். கடைசி ஒன்பது ஆண்டு 'மாணவர் ஆலோசகர்' என்ற பலகையும் என் மேசைமேல் இருந்தது. (பாதி நாள் அதற்குப் பின்னால் விடைத்தாள் கட்டுகள்தான் கிடக்கும், அது வேறு கதை.) அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: முதல் வேலையாக பீரோவைத் திறந்து ஃபோனை அவளிடம் கொடுத்துவிடுங்கள். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு.

பாதுகாப்புக்காகத்தான் எடுத்து வைத்தீர்கள், புரிகிறது. ஆனால் அவள் பக்கத்திலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். படம் எடுத்தவர் ஒருவர், வெட்டியவர் ஒருவர், சிரித்தவர்கள் நாற்பது பேர். ஃபோனைப் பறிகொடுத்தவள் அவள் ஒருத்தி. நாளைக்கு இதைவிடப் பெரிதாக ஒன்று நடந்தால் உங்களிடம் வந்து சொல்வாளா? என்னிடம் வந்த பிள்ளைகளை "வீட்டில் ஏன் சொல்லவில்லை" என்று கேட்டால், அடி விழும் என்றவர்களைவிட "ஃபோனை வாங்கிவிடுவார்கள்" என்றவர்களே அதிகம். பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ஏழு மாதம் பொறுத்திருந்தான். கடைசியில் அவன் வாய் திறந்தது பள்ளி வேன் ஓட்டுநரிடம். மாலையில் கடைசி நிறுத்தம் அவனுடையது. வண்டியில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். மறுநாள் காலை அந்த ஓட்டுநர், வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே, உள்ளே வரலாமா வேண்டாமா என்று என் அறை வாசலில் தயங்கி நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

இன்னொன்றையும் யோசியுங்கள். அவளுக்கு ஆதரவாக இருக்கும் இரண்டு மூன்று தோழிகளும் அதே ஃபோனில்தான் இருக்கிறார்கள். ஆதாரமும் அதில்தான். குழுவில் என்ன ஓடுகிறது என்று தெரியாமல் போர்வைக்குள் படுத்திருக்கும் பிள்ளை, நடப்பதைவிட மோசமாகவே கற்பனை செய்துகொள்ளும். இரவு பத்து மணிக்கு மேல் ஃபோன்கள் கூடத்து மேசையில் இருக்கவேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். வைத்தால் வீட்டில் உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் சேர்த்து வையுங்கள்.

"நீ எதற்கு மேடையேறினாய்", "நீ ஏன் போட்டோ போட்டாய்" என்று ஆரம்பிக்கும் எந்த வாக்கியமும் வேண்டாம். அவள் படத்தைப் போடவேயில்லை, அதை மறந்துவிடாதீர்கள்.

அடுத்து, இது ஃபோனில் பிறந்த வியாதி என்ற எண்ணம். பள்ளிகளில் நடக்கும் துன்புறுத்தலை முறையாக ஆராய்ந்த முன்னோடி, நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டான் ஓல்வியஸ். 1983-இல் அந்த நாட்டுப் பள்ளிகளில் துன்புறுத்தலுக்கு எதிராக நடந்த பெரிய இயக்கத்துக்கு அடித்தளம் போட்டவர். அவர் மூன்று அடையாளங்களைச் சொன்னார்: காயப்படுத்தும் நோக்கம் இருக்கும், திரும்பத் திரும்ப நடக்கும், இரு தரப்பின் பலமும் சமமாக இருக்காது. சமபலம் உள்ள இருவர் கட்டிப் புரண்டால் அதன் பெயர் சண்டை. அதே ஓல்வியஸ் 2012-இல் எழுதிய கட்டுரையில், இணையவழித் துன்புறுத்தலை நாம் அளவுக்கு மீறிப் பெரிதாக்குகிறோமோ என்று கேட்டார். ஃபோனில் சீண்டப்படும் பிள்ளைகளில் பெரும்பாலோர் நேரிலும் சீண்டப்படுகிறவர்களே என்பது அவருடைய வாதம். ஏற்காத ஆய்வாளர்கள் உண்டு. என் அனுபவம் பாதிக்கு மேல் அவர் பக்கம்தான். என் மேசைக்கு வந்த ஸ்கிரீன்ஷாட்டுகளின் வேரைத் தேடிப் போனால், பெரும்பாலும் மதிய உணவு நேரத்தில் யார் பக்கத்தில் யார் உட்காரக் கூடாது என்ற தீர்மானத்தில்தான் போய் முட்டினேன். ஆகவே "குழுவில் என்ன எழுதினார்கள்" என்று மகளைக் கேட்பதற்கு முன் "இப்போதெல்லாம் யாருடன் சாப்பிடுகிறாய்" என்று கேளுங்கள். தனியாக என்று சொன்னால், அது எப்போதிலிருந்து என்றும் கேளுங்கள். அந்தத் தேதி ஸ்டிக்கருக்கு முந்தையதாக இருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

ஓல்வியஸ் பக்கம் முழுதாகப் போகாமல் என்னைத் தடுப்பது இந்த ஸ்டிக்கர் போன்ற விஷயம்தான். பட்டப்பெயர் வைத்தால் அதை ஒவ்வொரு தடவையும் ஒருவர் வாய் திறந்து சொல்லவேண்டும். ஸ்டிக்கருக்கு அது வேண்டாம். ஒருவன் ஒரே ஒரு முறை செய்கிறான். மற்றவர்கள் அதைத் தொட்டு, தங்களுக்குப் பிடித்தவற்றில் சேர்த்துக்கொள்கிறார்கள். பிறகு குழுவில் யாரோ "நாளைக்கு வேதியியல் தேர்வா?" என்று கேட்க, பதிலாக உங்கள் மகளின் முகம் வருகிறது. மழை விடுமுறை என்றால் அவள் முகம், மதிப்பெண் குறைந்தால் அவள் முகம். இருபதாவதாக அனுப்பும் பிள்ளைக்கு அவள்மேல் கோபமே இருக்காது. அவள் பெயரைக்கூட நினைத்திருக்காது. அதிர்ச்சியைக் காட்ட ஒரு குறி, அவ்வளவுதான். உங்கள் மகள் படும் வேதனை அந்த இடத்தில்தான் இருக்கிறது: தன் முகம் மற்றவர்களுக்கு ஒரு நிறுத்தற்குறி ஆகிவிட்டது. "சும்மா விளையாட்டுக்கு" என்று அந்தப் பிள்ளைகள் சொன்னால் பெரும்பாலும் பொய் சொல்லவில்லை என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். பொய் இல்லை என்பதால் வலி குறைவதும் இல்லை.

ஜாடை என்ற ஒன்று நம்மிடம் எப்போதும் உண்டு. மாமியார் பாத்திரத்தைத் திட்டினால் மருமகளுக்குத் தெரியும். இப்போது அது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வருகிறது: "சிலர் பாடினால் கழுதையே காதைப் பொத்திக்கொள்ளும்." பெயர் இல்லை. வகுப்பு முழுவதற்கும் யார் என்று தெரியும். ஆசிரியரிடம் காட்டினால் "இதில் உன் பெயர் எங்கே இருக்கிறது" என்று கேட்பார், நானே ஆரம்பத்தில் அப்படிக் கேட்டிருக்கிறேன். குழாயடிச் சண்டை குடம் நிரம்பியதும் கலைந்துவிடும். ஸ்டேட்டஸ் இருபத்துநான்கு மணி நேரம் நிற்கும், யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலோடு.

செய்கிற பிள்ளைகளைப் பற்றி. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2024 மார்ச்சில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 44 நாடுகளிலும் பகுதிகளிலும் 11, 13, 15 வயதுப் பிள்ளைகள் 2,79,000 பேர் அதில் பதில் சொல்லியிருந்தார்கள். ஏறத்தாழ ஆறில் ஒருவர் தாம் இணையத்தில் சீண்டப்பட்டதாகச் சொன்னார். எட்டில் ஒருவர் தாமே பிறரைச் சீண்டியதாக ஒப்புக்கொண்டார். நம் ஊர்க் கணக்கு இல்லைதான். ஆனால் இரண்டாவது எண்ணை நம் வீட்டுக்கும் பொருத்திப் பார்க்கலாம்: நம்மில் யாரும் அந்த எட்டில் ஒன்றின் பெற்றோராக நம்மை நினைத்துக்கொள்வதில்லை.

எங்கள் பள்ளியில் இதேபோல் ஸ்டிக்கர் செய்த பையன் பத்தாம் வகுப்பு. குண்டான பிள்ளை, ஆறாம் வகுப்பிலிருந்து அவனுக்கு 'டயர்' என்று பெயர். படத்தின் பின்னணியைச் சுத்தமாக வெட்டியெடுக்கும் கை அவனுக்கு வாய்த்திருந்தது. முதல் ஸ்டிக்கர் வெளிவந்த நாளிலிருந்து வகுப்பில் யாரும் அவனை டயர் என்று கூப்பிடவில்லை. அடுத்த வாரம் யாரை வெட்டப் போகிறான் என்ற பயமும் மரியாதையும் சேர்ந்து அவனுக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது. அவனுடைய அப்பாவை வரவழைத்தோம். அவர் என் அறையிலேயே பெல்ட்டைக் கழற்றினார். நான் தடுப்பதற்குள் இரண்டு அடி விழுந்துவிட்டது. விஷயம் முடிந்தது என்று நினைத்தோம். பத்து நாளில் பெயரில்லாத புதுக் கணக்கு ஒன்று முளைத்தது, முன்பைவிட அசிங்கமாக. அவனை அழைத்தது தவறில்லை. அப்பாவோடு சேர்த்து, முன்தயாரிப்பு இல்லாமல் அழைத்தது என் தவறு.

அதனால்தான் அந்த இன்ஸ்டாகிராம் கணக்கு யாருடையது என்று ஊகித்து எந்த வீட்டுக் கதவையும் தட்டாதீர்கள் என்கிறேன். 2020 மே மாதம் டெல்லியில் பள்ளி மாணவர்களின் இன்ஸ்டாகிராம் குழு ஒன்று அம்பலமானது. சிறுமிகளின் படங்களைப் போட்டு ஆபாசமாகப் பேசிய குழு. அதே நாட்களில், வன்கொடுமைக்குத் திட்டமிடுவதுபோன்ற ஸ்னாப்சாட் உரையாடல் ஒன்றும் அந்தப் பையன்களுடையது என்று பரவி, நாடே கொதித்தது. விசாரித்த காவல்துறை, அந்த உரையாடலுக்கும் குழுவுக்கும் தொடர்பில்லை என்றது. ஆண் பெயரில் போலிக் கணக்கு வைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை, எதிர்முனையில் இருந்த பையனின் குணத்தைச் சோதிப்பதற்காக எழுதியதாம். குழு செய்தது குற்றம்தான். ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் வைத்துக்கொண்டு முடிவுகட்டியவர்கள் எவ்வளவு தூரம் தப்பாகப் போனார்கள் என்பதும் உண்மை.

ஆதாரம் சேர்ப்பதற்கு வருவோம். பதில் எழுதாமல், பிளாக் செய்யும் முன்பே, எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தேதி, நேரம், கணக்கின் பயனர் பெயர் மூன்றும் தெரியவேண்டும். கணக்கின் முகவரியைத் தனியாக எழுதி வையுங்கள், ஏனென்றால் பெயரையும் படத்தையும் நொடியில் மாற்றிவிடுவார்கள். குழுவில் இருக்கும் தோழி காட்டினால் அவள் ஃபோனைத் திரைப்பதிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் அந்தத் தோழியின் பெயரைப் பள்ளியில் சொல்லாதீர்கள், அடுத்த ஸ்டிக்கர் அவளாகிவிடுவாள்.

இதில் ஒரே ஒரு விலக்கு உண்டு. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் நிர்வாணப் படமோ, அப்படி மார்ஃபிங் செய்யப்பட்ட படமோ வந்தால் அதைப் பதிவிறக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள், வழக்கறிஞரான மைத்துனருக்குக்கூட அனுப்பாதீர்கள். பயனர் பெயரையும் நேரத்தையும் காகிதத்தில் குறித்துக்கொண்டு நேரே காவல்துறைக்குப் போங்கள். இப்படிப்பட்ட படத்தை வைத்திருந்த ஒருவர் மீதான வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பை அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதே, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 15-ஆம் பிரிவுக்குள் வரலாம் என்று விளக்கியது. நல்ல எண்ணத்தில் 'ஆதாரத்துக்காக' என்று குடும்பக் குழுவில் பகிர்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பள்ளிக்கு மறுபடி போங்கள். வாய்ப்பேச்சாக வேண்டாம், தேதியிட்ட கடிதமாகக் கொடுத்து நகலில் கையொப்பம் வாங்குங்கள். "வெளியே நடந்தது" என்ற பதிலுக்கு உங்களிடம் நல்ல மறுப்பு இருக்கிறது: படம் எடுக்கப்பட்டது பள்ளி விழாவில், குழுவில் இருப்பவர்கள் அந்த வகுப்பின் மாணவர்கள், பள்ளிக்கு வரமுடியாமல் போனது உங்கள் மகள். கேட்க வேண்டியவை இரண்டு: அவள் உட்காரும் இடம், உணவு வேளை, வேன் ஆகிய இடங்களில் கண் வைக்கும் ஓர் ஆசிரியர்; சம்பந்தப்பட்ட பிள்ளைகளை ஒவ்வொருவராக, தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுவது. கேட்கக் கூடாததும் இரண்டு: காலை வழிபாட்டில் அறிவிப்பு, எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்து மன்னிப்புக் கேட்டுக் கைகுலுக்கச் சொல்வது. கைகுலுக்கும் அந்த நிமிடமே அடுத்த ஸ்டிக்கருக்குச் சரக்கு. பாலியல் சீண்டலாக ஏதும் எழுதப்பட்டிருந்தால் பள்ளிக்கு வேறு வழியே கிடையாது. போக்சோ 19-ஆம் பிரிவின்படி தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும், சொல்லாமல் இருப்பதற்கு 21-ஆம் பிரிவில் தண்டனை இருக்கிறது. இதைக் கடிதத்தில் ஒரு வரி எழுதினால் தலைமையாசிரியர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

சட்டம் என்ன செய்யும்? 'சைபர்புல்லியிங்' என்ற பெயரில் இந்தியாவில் தனிக் குற்றம் இல்லை. முன்பு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. புண்படுத்தும் செய்தி எல்லாம் அதில் அடங்கும். கருத்துரிமைக்கு விரோதம் என்று 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதில் புகார் எழுதித் தருகிறேன் என்று இன்றும் யாராவது சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். மிச்சம் இருப்பவை துண்டு துண்டானவை: அடுத்தவர் கடவுச்சொல்லையோ அடையாளத்தையோ திருடினால் 66சி, ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி, அந்தரங்கப் படம் என்றால் 66இ, ஆபாசம் என்றால் 67, 67ஏ, 67பி. மிரட்டலுக்கு 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவு. இவற்றைவிட உங்களுக்கு முக்கியம் போக்சோ 11-ஆம் பிரிவு: பிள்ளையின் உடலைக் காட்டும் படத்தை வெளியிடுவேன் என்று பாலியல் நோக்கத்தோடு மிரட்டினாலே போதும், படம் உண்மையோ போலியோ, இரண்டையும் அந்தப் பிரிவு சொல்கிறது. ஆண்பிள்ளைகளுக்கும் அது பொருந்தும் என்பதைப் பையன்களின் பெற்றோர் பலர் அறிவதில்லை.

நேர்மையாகச் சொன்னால், வாய் பிளந்த ஸ்டிக்கர் மட்டும் என்றால் காவல் நிலையத்தில் பெரிதாக ஒன்றும் நடக்காது. அந்த இன்ஸ்டாகிராம் கணக்கு எழுதுவது ஆபாசமாகவோ மிரட்டலாகவோ இருந்தால் தயங்காமல் போங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் பற்றிய புகாருக்குத் தனிப் பகுதி உண்டு. 1930 என்ற எண்ணை எல்லோரும் சொல்வார்கள், அது முக்கியமாகப் பண மோசடிக்கானது; பிள்ளைகள் விஷயத்தில் குழந்தைகள் உதவி எண்ணான 1098 பொருத்தமானது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தை நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்கவேண்டும்; அவர் யார் என்று கேட்டு அவரிடமே பேசுங்கள்.

செய்தவர்கள் பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால், கொடுங்குற்றமாக இல்லாதவரை வழக்கமாக முதல் தகவல் அறிக்கை போடமாட்டார்கள். நிலையத்தின் பொது நாட்குறிப்பில் பதிந்து, பிள்ளையின் குடும்பச் சூழல் பற்றிய அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்புவார்கள். ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிடுவோமோ என்று தயங்கும் பெற்றோருக்கு இது ஆறுதலாக இருக்கட்டும். "ஜெயிலுக்கு அனுப்பிவிடுவேன்" என்று மிரட்ட நினைப்பவர்களுக்கும் இதே பதில்.

கணக்கைப் பற்றி இன்ஸ்டாகிராமிலேயே புகார் செய்யுங்கள். அவள் பெயரிலேயே நடக்கும் போலிக் கணக்கு, நிர்வாணப் படம் ஆகியவற்றை நீக்க 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் 24 மணி நேரக் கெடு வைத்தன. பெயரில்லாத வசைக் கணக்குக்கு அந்த வேகம் இருக்காது. அந்தரங்கப் படம் வெளியாகுமோ என்ற பயம் இருந்தால் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. பதினெட்டு வயதுக்குள் எடுக்கப்பட்ட படங்களுக்காக அமெரிக்காவின் குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பு ஒன்று 2023-இல் தொடங்கியது. படத்தை யாருக்கும் அனுப்பவேண்டியதில்லை. ஃபோனிலேயே படத்துக்குக் கைரேகை போன்ற ஓர் எண்முத்திரை உருவாகி, அது மட்டும் போகும். சேர்ந்திருக்கும் தளங்களில் அதே படம் ஏறினால் பிடித்துவிடுவார்கள். வெளியார் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்ட வாட்ஸ்அப் உரையாடலுக்குள் அது எட்டாது.

வயிற்றுவலியைப் பொய் என்று எண்ணவேண்டாம். பயம் முதலில் வயிற்றில்தான் உட்காரும். சாப்பாடும் தூக்கமும் குறைவது, பிடித்த பொருளைத் தங்கைக்குக் கொடுப்பது, "நான் இல்லாவிட்டால்" என்று பேச்சை ஆரம்பிப்பது, இவற்றில் ஏதாவது இருந்தால் பள்ளி, போலீஸ் எல்லாம் பிறகு. அவளைத் தனியே விடாதீர்கள். 14416-ஐக் கூப்பிடுங்கள், டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசுவார்கள். சாக நினைக்கிறாயா என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பயப்படாதீர்கள். கேட்டதற்காக எந்தப் பிள்ளையும் என்னிடம் கோபப்பட்டதில்லை. பலர் அதற்குப் பிறகுதான் அழுதார்கள்.

கடைசிக் கேள்வி, ஸ்டிக்கரை அழிக்க முடியுமா. முடியாது. அனுப்பியவர் குழுவிலிருந்து செய்தியை நீக்கினாலும், மற்றவர்கள் சேமித்து வைத்த ஸ்டிக்கர் அவரவர் ஃபோனில் கிடக்கும். நாற்பது ஃபோனையும் வாங்கிப் பார்க்க உங்களால் ஆகாது. ஆனால் எங்கள் பள்ளியில் அந்த ஸ்டிக்கர் என்ன ஆனது என்று சொல்கிறேன். அதே வகுப்பில் கபடி ஆடும் ஒரு பெண், கொஞ்சம் வாய்த்துடுக்கு, எல்லோருக்கும் பிடித்தவள். அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். யாரோடும் சண்டை போடவேண்டாம், அறிவுரையும் சொல்லவேண்டாம், உனக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் செய் என்று மட்டும் சொன்னேன். அன்று இரவு குழுவில் ஸ்டிக்கர் வந்தபோது அவள் அதன் கீழே ஒரே ஒரு வார்த்தை எழுதினாளாம்: "பழசு." மறுநாளும் வந்தது, மறுநாளும் "பழசு." மூன்றாவது முறை வேறு இரண்டு பேர் அதையே எழுதினார்கள். இரண்டு மூன்று வாரத்தில் அது நின்றுவிட்டது.

உங்கள் மகளின் வகுப்பில் அந்த ஒரு வார்த்தையை எழுதக்கூடிய பிள்ளை யார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். இன்று இரவு ஃபோனைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டுப்பாருங்கள்.